மோரில் போட்ட இரும்பு

திருச்செங்கோடு
10.3.1985

அன்புள்ள மாமாவுக்கு,

வசந்தாமணி எழுதிக்கொள்வது. ராஜஸ்தானிலிருந்து நீங்கள் போட்ட மூன்று கடிதமும் வந்து சேர்ந்தன. மூன்றுக்கும் சேர்த்து இதுதான் பதில். கோபமா, உடம்பு சரியில்லையா என்று கடைசிக் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். இரண்டும் இல்லை. எழுத உட்காருவேன், ‘இங்கு அனைவரும் நலம்’ என்கிற வரியிலேயே பேனா நின்றுவிடும். இரண்டு இன்லண்ட் தாளை அப்படியே கிழித்துப் போட்டேன். இந்தத் தடவை அந்த வரியை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

வெயில் மாசியிலேயே பங்குனி மாதிரி அடிக்கிறது. மரவள்ளி பிடுங்கி லோடு ஏற்றியாயிற்று. செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. உங்கள் மகள் மயிலு அதற்கு ரிக்கு என்று பேர் வைத்திருக்கிறாள். அப்பா போர்க் கிணறு தோண்டுகிற ரிக்கு வண்டியில் போய்விட்டார், இந்த ரிக்காவது வீட்டில் இருக்கட்டும் என்றாள்.

போன மாதம் மயிலுக்கு ரத்தம் ஏற்றச் சேலம் போனபோது வழக்கமான டாக்டர் லீவு. புதிதாக ஒரு பெண் டாக்டர் இருந்தார். வயிற்றை வெகுநேரம் அழுத்திப் பார்த்தார். எப்போதிருந்து இப்படிக் கறுத்தாள் என்று கேட்டார். பள்ளிக்கூடத்து வெயில் என்றேன். வீட்டில் என்ன கொடுக்கிறீர்கள் என்றார். பாடம் ஒப்பிக்கிற மாதிரி பெருமையாகச் சொன்னேன். தினமும் முருங்கைக் கீரை, காலையும் மாலையும் இரும்புச்சத்து டானிக், ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல், நீங்கள் அனுப்புகிற பேரீச்சம்பழம். கடைசியில் உங்கள் அப்பா கொடுக்கிற மோரையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

போன ஆடியில் நீங்கள் வந்தபோது ரிக்கு வண்டியிலிருந்து கழற்றிப் போட்டுவிட்டுப் போன பெரிய போல்ட்டு ஒன்று இருந்ததே, அதைத்தான் உங்கள் அப்பா தினமும் அடுப்பில் பழுக்கக் காய்ச்சி மோரில் போடுவார். அந்தக் காலத்தில் வெளுத்துப்போன பிள்ளைகளுக்கெல்லாம் அப்படித்தான் கொடுப்பார்களாம். புகை அடங்கியதும் மயிலை மடியில் உட்கார வைத்து, பாறையைக் கொடஞ்ச இரும்பாக்கும் இது, குடி சாமி, நீயும் பாறையாட்டம் ஆயிருவே என்பார். அவளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். நானும் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

டாக்டர் படம் போட்டு விளக்கினார். இவளுக்கு வந்தது சத்தில்லாமல் வருகிற சோகை இல்லையாம், பிறவியிலேயே வந்ததாம். அவள் உடம்பில் ஊறுகிற ரத்தம் நிலைக்காமல் உடைந்து போகிறது. அதனால்தான் ஒரு வயதிலிருந்து மாதாமாதம் ஏற்றுகிறோம். ஏற்றுகிற ஒவ்வொரு பாட்டில் ரத்தத்திலும் இரும்பு இருக்கிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாதாம். முதலில் ஈரலில் போய்த் தங்கும், பிறகு இருதயத்தில். ஐந்து வருடமாகச் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அதன்மேல் நாமும் வீட்டிலிருந்து போட்டிருக்கிறோம். ஈரல் வீங்கிக் கெட்டியாகிவிட்டது என்றார். இரும்பு துருப்பிடிக்கிற சமன்பாட்டைப் பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியவள் நான், மாமா. டானிக்கை ஸ்பூனில் ஊற்றி, சிந்தாமல் வாயில் விட்டவளும் நான்தான்.

நாங்கள் செய்ததால்தானா என்று கேட்டேன். முக்கால்வாசிக்கு மேல் ஏற்றின ரத்தத்தால் வந்தது, அது இல்லாவிட்டால் பிள்ளையே இல்லை, இனிமேல் வீட்டு இரும்பு வேண்டாம் என்றார். சாப்பாட்டோடு கொஞ்சம் டீ கொடுக்கச் சொன்னார், அது இரும்பை ஒட்டவிடாதாம். நாம்தான் டீயே தரமாட்டோமே. டாக்டரே சொல்லிட்டாங்க என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள் மயிலு. நீங்கள் இருவரும் உறவா என்றும் கேட்டார். அத்தை மகன் என்றேன். குறித்துக்கொண்டார்.

உங்கள் அப்பாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிய, பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குக் கிளம்பிவிட்டார். முதல் ஆட்டு ஈரலை அவருக்கென்றே எடுத்து வைப்பார்களே. வாசலில் நிறுத்திச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, அப்ப நானா அம்மிணி என்று ஒன்றுதான் கேட்டார். இல்லைங்க, டானிக் கொடுத்தது நான்தானுங்க, ரத்தத்தால வந்ததுதான் பெரும்பங்குன்னு டாக்டரே சொன்னாங்க என்றேன். காதில் வாங்கவில்லை. உள்ளே போய்ப் போல்ட்டை எடுத்து வந்து கிணற்றில் போட்டார். கிணற்றில் தண்ணீர் குறைவு, பாறையில் பட்ட சத்தம்தான் கேட்டது. அதற்கப்புறம் ஒன்பது நாள் அவளை முகம் பார்க்கவில்லை. டீ டம்ளரோடு கிட்டப் போனாள், திரும்பி உட்கார்ந்துகொண்டார். அப்பாரு எங்கூட டூ உட்டுட்டாரு என்று என்னிடம் வந்து அழுதாள்.

இரும்பை வெளியேற்ற ஒரு ஊசி மருந்து மெட்ராசிலிருந்து வரவழைத்தோம். அதைச் சிறுகச் சிறுக ஏற்றப் பம்பு மாதிரி ஒரு மிஷின் இருக்கிறதாம், அது பம்பாயிலிருந்து வர வேண்டும். அதுவரைக்கும் தினம் சாயங்காலம் தொடையில் ஊசி. முதல் நாலு நாள் கம்பவுண்டர் போட்டார், இப்போது நானே கற்றுக்கொண்டேன். ஊசி போட்ட மறுநாள் மயிலுக்கு ஒன்னுக்குச் செம்மண் தண்ணீர் மாதிரி போயிற்று. பயந்துபோய் தபாலாபீசுக்கு ஓடிப் போன் போட்டேன். அந்த இரும்புதான் வெளியே போகிறது, சந்தோஷப்படுங்கள் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து உங்கள் அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன்.

அடுத்த நாள் காலையில் குளியலறைக்கு வெளியே வந்து நின்றார். சாமி, இன்னைக்கும் செவப்பாப் போச்சா என்றார். போச்சுங்க அப்பாரு, நல்லாச் செவப்பு என்று உள்ளிருந்தே கத்தினாள். போவுட்டும், நெறையாப் போவுட்டும் என்றார். அன்றிலிருந்து தினமும் இந்த விசாரணைதான். ஒருநாள் விளையாட்டுக்கு, நேத்தைக்காட்டி கொறச்சலுங்க என்றாள். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. இனி இப்படி விளையாடாதே என்று கண்டித்து வைத்திருக்கிறேன்.

இனி, எதற்காக எழுத உட்கார்ந்தேனோ அது. இந்த மாதம் ரத்தம் ஏற்றப் போனபோது மயிலுக்கு இருதயத்தை ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அந்தத் தாளை டாக்டர் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார். மடித்து மேஜைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த தடவை அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். மழை பிடித்தால்தான் ரிக்கு வண்டிகள் ஊர் திரும்பும், ஆடி ஆகிவிடும் என்றேன். அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்றார். உங்கள் ரத்தத்தையும் சோதிக்க வேண்டுமாம், நாம் இன்னொரு பிள்ளையைப் பற்றி நினைப்பதற்கு முன்னால். அதற்காகத்தான் கூப்பிடுகிறார் என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். உங்கள் அப்பாவிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன். அவர் நம்பிவிட்டார்.

மேனேஜரிடம் சொல்லி லீவு வாங்குங்கள். ஊசியை நான் போட்டுவிடுகிறேன். அவளை அந்தப் பக்கம் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். உங்கள் அப்பா பிடிக்கிறார், ஆனால் கண்ணை மூடிக்கொள்கிறார். அவள்தான் அவருக்குத் தைரியம் சொல்கிறாள்.

நீங்கள் கடைசியாக அனுப்பிய பேரீச்சம்பழ டின்னை நான் திறக்கவில்லை. அலமாரி மேல்தட்டில் இருக்கிறது. மயிலு அண்ணாந்து அண்ணாந்து பார்க்கிறாள். அப்பா வந்ததும் பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மலைமேல் இருக்கிற ஈஸ்வரன் வழித்துணையாக இருந்து உங்களைக் கொண்டுவந்து சேர்க்கட்டும். இந்தத் தடவை அவளுக்கென்று எதுவும் வாங்க வேண்டாம், மாமா. வெறும் கையோடு வாருங்கள். சீக்கிரம் வாருங்கள்.

உங்கள்,
வசந்தாமணி