நூராத லைற்

2000 நவம்பர் 12, ஞாயிறு

விடிய மழை. பூசைக்குக் குடையோட நடந்தே போனனான். காரைத் தொடப் பயம்.

நேற்றுப் பின்னேரம், இருட்டுற நேரம், நெளுக்குளம் றோட்டில ஒரு சைக்கிள்காரனை அடிக்கப் பார்த்தன். முன் பாரில சின்னப் பிள்ளை. பிறேக் பிடிச்சு நிக்கேக்க பிள்ளையின்ர கால் பம்பரில முட்டிக்கொண்டு நிண்டுது. தகப்பன் ஏசேல்லை. "லைற் போடாமலோ ரீச்சர் வாறியள்?" எண்டு மட்டும் கேட்டான்.

லைற் போட்டுத்தான் வந்தனான்.

பழைய இங்கிலீசுக் கார். என்ர மனிசன் வைச்சிருந்தது, அவர் செத்த பிறகு நான் ஓடுறன். லைற் ரெண்டும் மெழுகுதிரி மாதிரி. தன்ர மூக்குக்கே காணாது.

அண்ணையிட்டச் சொன்னன். "மாத்துவம்" எண்டார். அவ்வளவுதான். அவர் முல்லைத்தீவிலயிருந்து இடம்பெயர்ந்து என்னட்ட வந்து நாலு வருஷம், இந்த வீட்டில கதைக்கிறது நானும் ரேடியோவும்தான்.

ஒன்பதாம் வகுப்புக் கொப்பி திருத்தேல்லை. அரிசிக்குள்ள வண்டு. பிள்ளையின்ர கால் கண்ணுக்குள்ளயே நிக்குது.

15, புதன்

மழை விட்டிருக்கு. பள்ளிக்கூடம் முடிய ரவுணுக்கு.

வாங்கினது: லைற் ரெண்டு (கண்ணாடியோட), பல்ப் ரெண்டு, தேங்காய் எண்ணெய், வெண்கட்டி.

கடைப் பொடியன் பல்ப்பை விரலால தொட விடேல்லை. "இது ஹலஜன், ரீச்சர். நூறு வாற். போட்டுப் பாருங்கோ, பகல் மாதிரி இருக்கும்."

"பழைய வயர் தாங்குமோ?"

"எல்லாரும் போடினம்தானே."

அண்ணை பெட்டியைத் திறந்து கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடி அலுமாரிக்கு மேல வைச்சார். "சனிக்கிழமை மாத்துவம்" எண்டார்.

18, சனி

நல்ல வெய்யில். காரை வேப்பமரத்துக்குக் கீழ விட்டம்.

லைற்றைச் சுத்தின வளையத்து ஸ்குறூ ஒண்டும் அசையேல்லை. எண்ணெய் விட்டு ஊற வைச்சு, தேத்தண்ணி குடிச்சுப்போட்டு வந்து திருப்ப ஒண்டு கழண்டுது. மற்றதை அண்ணை தட்டித் தட்டி எடுத்தார். நான் பிடிக்கிறது, அவர் கழட்டுறது. பழைய லைற்றுக்குள்ள வெள்ளிப் பூச்செல்லாம் கறுத்துப் போய், ஒரு பக்கம் குளவி மண்கூடு. உதோடயோ இவ்வளவு நாளும் ஓடினனான்?

வயர் மூண்டு. எது எங்கையெண்டு அண்ணைக்கு ஒருக்காப் பார்க்கவே விளங்கியிட்டுது. "எங்க பழகினனீங்கள்?" எண்டு கேட்டன். "முந்தி" எண்டார்.

குசினிச் சுவரில வெண்கட்டியால ரெண்டு சிலுவை கீறி, அதுக்கு நேராய் லைற் ரெண்டையும் பிடிச்சம். பொழுதுபட்டாப்போல நான் உள்ளுக்கு இருந்து சுவிச்சை இழுத்தன்.

அம்மாடி!

சுவர் வெள்ளை வெளேரெண்டு. சுவரில ஓடின பல்லியின்ர விரல் தெரியுது. பக்கத்து வீட்டு மணியக்கா வேலிக்கு மேலால எட்டிப் பார்த்து, "என்ன ரீச்சர், திருவிழாவோ?" எண்டா. அண்ணை சிரிச்சார். பல்லுத் தெரியச் சிரிச்சார்.

லேசாய் ஒரு கருகின மணம். புதுச் சாமான் எண்டா அப்பிடித்தானாம்.

20, திங்கள்

இப்பதான் வந்து சேர்ந்தம். எழுத்து விளங்காட்டிலும் எழுதவேணும்.

பள்ளிக்கூடத்தில பெற்றோர் கூட்டம், பிந்திப் போச்சுது. அண்ணை வேலை செய்யிற மில்லடியில அவரை ஏத்தினன். மழை முகில், ஆறு மணிக்கே இருட்டு. லைற் போட்டன். றோட்டு முழுக்க வெளிச்சம். சந்தோஷமாய்த்தான் ஓடினன். அது ஞாபகம் இருக்கு.

றோட்டில ஆமிச் சென்றி வருது. தூரத்திலயே லைற்றை நூத்து, உள் லைற்றைப் போட்டு, ஊர்ந்து போகவேணும். வவுனியாவில சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுவிச்சைத் தள்ளினன். நூரேல்லை. இழுத்துத் தள்ளினன். நூரேல்லை. சுவிச் கொதிக்குது. காலால டிம் சுவிச்சை மிதிச்சன், அது இன்னும் மோசம், வெளிச்சம் எழும்பி நேராய் அவங்கட முகத்தில. மண்மூட்டைக்குப் பின்னால ரெண்டு பேர் கையால கண்ணை மறைக்கிறாங்கள்.

"லயிட் நிவன்ன! லயிட் நிவன்ன!"

அது எனக்கு விளங்கும், லைற்றை அணைக்கச் சொல்லுறான். காரை நிப்பாட்டினன். எஞ்சினை நிப்பாட்டினன். வெளிச்சம் நிண்டபடி. துவக்கை லோட் பண்ணுற சத்தம். ஒரு வெடி. மேலால போனது.

என்ர கை ஸ்ரேறிங்கை விட்டு வரேல்லை.

பக்கத்தில சிங்களத்தில ஆரோ கத்தினது கேட்டுது. ஆமிக்காரன் ஜன்னலடிக்கு வந்திட்டான் எண்டு திரும்பினன். ஒருத்தரும் இல்லை.

அண்ணையின்ர வாய்.

"வெடி தியன்ன எப்பா மல்லி! வெடி தியன்ன எப்பா!" சுடாதை தம்பி எண்டு. கதவைத் திறந்து, ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு, அந்த வெளிச்சத்துக்குள்ள இறங்கிப் போனார். நடு றோட்டில நிண்டு கதைச்சார். தட்டாமல், தடக்காமல், நான் நாலு வருஷத்தில அவர் வாயால கேட்ட தமிழை விடக் கூட. 'பற்றறி' எண்ட சொல் மட்டும் பிடிபட்டுது.

அவங்கள் ஏதோ சொல்ல, துவக்கு முதுகைப் பார்த்தபடி, மெல்ல வந்து பொனற்றைத் திறந்தார். பற்றறி வயரைப் பிடுங்கினார்.

இருட்டு.

பிறகு ரோச் லைற். ரெண்டு பேரையும் சேத்துக்குள்ள முழங்காலில இருத்தினாங்கள். அடையாள அட்டை, பாஸ், பை எல்லாம் கொட்டிப் பார்த்தாங்கள். கொஞ்சம் வயது போன ஒருத்தன் அண்ணையிட்ட ஏதோ கேட்டான். அண்ணை சொன்னார். அவன் திரும்பியும் கேட்டான். அண்ணை திரும்பியும் அதைத்தான் சொன்னார். 'குருநாகல்', சிங்கள ஊர் ஒண்டின்ர பேர். அவன் துவக்கைத் தோளில கொழுவிப்போட்டு அண்ணையைப் பிடிச்சு எழுப்பினான். காரையும் ஓரத்துக்குத் தள்ளித் தந்தாங்கள்.

பல்ப்புக்கு வாற வயரைக் கழட்டிப்போட்டு, பற்றறி வயரைத் திரும்பிக் கொழுவி, ஒரு மினி பஸ்ஸுக்குப் பின்னால ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தம்.

வாசலில வைச்சே கேட்டன். "அண்ணை, சிங்களம் எப்பிடி?"

"சுடுதண்ணி வையன் பிள்ளை, உன்ர முழங்காலெல்லாம் சேறு."

21, செவ்வாய்

லீவு போட்டன். தலையிடி.

அண்ணை மில்லுக்குப் போயிட்டார், ஒண்டும் நடக்காத மாதிரி. சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவி வைச்சிட்டுத்தான் போனவர்.

ஒவ்வொரு முறையும் அவர் வவுனியாவில தங்கிற பாஸைப் புதுப்பிக்கப் பொலிசிட்ட நான்தான் போறனான். என்ர சிங்களம் தெரியும்தானே. மொழிபெயர்க்க ஆரையாவது கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போய், அந்த ஆள் ஒண்டை ரெண்டாய்ச் சொல்ல, அவங்கள் சத்தம் போட, நான் முழிச்சுக்கொண்டு நிப்பன். இவர் பக்கத்தில கண்ணாடியைத் துடைச்சுக்கொண்டு நிப்பார். எல்லாம் விளங்கிக்கொண்டு.

வெடிச் சத்தம் கூட அப்பவே காதை விட்டுப் போயிட்டுது. இது போகுதில்லை.

மணியக்கா வந்து, "சென்றியில வெடியாம், நீங்களோ?" எண்டா. ஓம் எண்டன். "மாதா காப்பாத்தினா" எண்டா. ஓம் எண்டன்.

ஆர் இந்த மனிசன்?

22, புதன்

தூறல். பின்னேரம் அண்ணை சுவிச்சைக் கழட்டி மேசையில வைச்சுத் திறந்தார். உள்ளுக்கு ரெண்டு செம்புத் தகடும் உருகி ஒண்டாய் ஒட்டியிருக்கு. அவ்வளவு கரண்டை அது தாங்கேல்லை. பல்ப்புக்கு நேராய் பற்றறியில இருந்து தனி வயர் எடுத்திருக்கவேணுமாம்.

நான் எதிர்க் கதிரையில இருந்தன். எழும்ப மாட்டன் எண்டு அவருக்கு விளங்கியிருக்கும். தகட்டைச் சுரண்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நான் கொழும்பில கடையில நிக்கேல்லை. குருநாகலில, மரம் அரியிற ஒரு மரக்காலையில வேலைக்கு நிண்டனான்."

"அம்மாக்கு ஏன் கொழும்பு எண்டு சொன்னனீங்கள்?"

"அங்க கலியாணம் கட்டினனான் பிள்ளை."



சோமா எண்டு பேராம், சிங்களப் பிள்ளை. மரம் அரியிறவரின்ர மகள். எண்பத்துமூண்டுக் கலவரத்தில தமிழற்ற கடை கடையாய் எரிச்சுக்கொண்டு வரேக்க, மாமனார்தான் மரக் குத்திகளுக்குள்ள இவரை ஒளிச்சு வைச்சு, பிறகு லொறியில ஏத்தி அனுப்பினவராம். அடங்கினதும் வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தாராம்.

"வந்து இறங்க அம்மா கட்டிப்பிடிச்சு அழுதா. அந்தக் கைக்குள்ள நிண்டுகொண்டு என்னெண்டு சொல்லுறது? அடுத்த மாசம் சொல்லுவம் எண்டு நினைச்சன். பிறகு பாதை பூட்டு. பிறகு அடிபாடு. பிறகு அம்மாவும் இல்லை." சுரண்டுறதை நிப்பாட்டினார். "பிறகு வெக்கம்."

"அதுக்கு, பாஷை தெரியாது எண்டு ஏன் நடிச்சனீங்கள்? நான் பட்ட பாடு தெரியாதே?"

"வாயைத் திறந்தா அந்த வீடு முழுக்க வெளியில வந்திடும் எண்டு பயம்."

எனக்குக் கோபம் வந்தது. என்ர புருஷன் செத்த நேரம், தனிச்சுப் போன ரெண்டு பேர் எண்டுதானே இவரை என்னோட இருக்கக் கூப்பிட்டனான். ஏதோ ஏசத்தான் வாய் எடுத்தன். அப்ப சொன்னார்:

"பொம்பிளைப் பிள்ளை ஒண்டு. நிலந்தி. நான் வரேக்க ரெண்டு வயசு."

அடுப்பில சோறு அடிப்பிடிச்சுப் போச்சுது. அப்பிடியே சாப்பிட்டம்.

24, வெள்ளி

திரும்பியும் மழை. பள்ளிக்கூடத்தில ஒரு பாடமும் மண்டையில நிக்கேல்லை. பத்தாம் வகுப்பில கடைசி வாங்கில இருந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிண்டன். நிலந்தி இதுகளை விடப் பெரியவள். பத்தொன்பது. இவ்வளவு காலமும் எனக்கொரு மருமகள் இருந்திருக்கிறாள். எனக்குப் பிள்ளை குட்டி இல்லையெண்டு நான் அழுத இரவெல்லாம் அவள் குருநாகலில பல் முளைச்சு, பள்ளிக்கூடம் போய், பெரியபிள்ளையாகி.

வந்ததும் வராததுமாய்க் கேட்டன். "நீங்கள் உயிரோட இருக்கிறது அவைக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"டிசம்பர் லீவுக்குப் போவம். பாஸ் நான் எடுக்கிறன். இந்த முறை நீங்கள் கதையுங்கோ."

"சோமா வேற கட்டியிருப்பாள் பிள்ளை."

"கட்டட்டும். நிலந்தி உங்கட பிள்ளைதானே? வாசல் படலையில நிண்டு பார்த்திட்டு எண்டாலும் வருவம். துரத்தினா வருவம்."

அண்ணை போட்டிருந்த சேட்டைக் கழட்டிக் கொடியில போட்டார். மழை எண்டு திரும்பி எடுத்தார்.

"அண்ணை, அவள் என்னை என்னெண்டு கூப்பிடுவாள்? மாமிக்கு, தகப்பன்ர தங்கச்சிக்கு, சிங்களத்தில என்ன சொல்லுறது?"

எடுத்த சேட்டைத் தோளில போட்டுக்கொண்டு சொன்னார்.

"நெந்தா."

குசினிக்குள்ள போய் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தன். நெந்தா. நெந்தா. திரும்பினா, கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு அண்ணை நிக்கிறார். கண்ணெல்லாம் சிவப்பு.

"அப்பிடி இல்லை பிள்ளை," எண்டார். "வாயைக் கொஞ்சம் அகலத் திறந்து சொல்லு."