பிளம் ஓடைப் புட்டி

மார்ச் 4, 1974, திங்கள்

கேட்கிறேன் கர்த்தாவே, இருபத்திரண்டு புட்டிகளில் ஒன்றையாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா?

காலையில் நான் வேலை பார்க்கும் கல்லூரி அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் ஷ்ரோடர், சாராயப் புட்டியில் பதப்படுத்தி வைத்திருக்கும் பிளம் ஓடைச் சிங்கிறாலை எடுத்துவரச் சொன்னார். இறால் உடம்பு, நண்டுக் கொடுக்கு. 1931இல் ஒரு பள்ளி வாத்தியார் பிடித்துக் கொடுத்தது. அந்த இனம் அந்த ஓடையில் வாழ்ந்ததற்கு அது ஒன்றுதான் சாட்சி. அதைக் காட்டினால், அது இன்னும் இருக்கிறதா என்று ஓடையில் தேடிப் பார்க்காமல் அங்கே அணை கட்ட முடியாதாம். பதினான்காம் தேதி விசாரணை.

புட்டிக்குள் கிடந்த சீட்டு வெறும் வெள்ளை. வேறு ஓடைச் சிங்கிறால்கள் கிடந்த மற்ற இருபத்தொரு புட்டியிலும் அப்படியே. எழுத்து எங்கே என்றார். புட்டியைத் துடைக்கத் துணி எடுத்துவருவதாகச் சொல்லி நழுவினேன். நானா!

மார்ச் 5

இருபத்திரண்டு சீட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

மார்ச் 6

சொல்லிவிட்டேன். போன அக்டோபரில் புட்டிகளில் சாராயம் நிரப்பும்போது பழைய சீட்டுகள் பொடிந்துகொண்டிருந்தன. புதிதாக எழுதிப் போட்டேன். பென்சிலால்தான் எழுத வேண்டும், பேனா மையைச் சாராயம் தின்றுவிடும். பதினோரு வருஷமாக எனக்குத் தெரியும். அன்று பென்சிலைக் காணவில்லை. மேஜைக்கடியில் எல்லாம் தேடினேன். மாடி ஏறி இன்னொன்று வாங்கச் சோம்பல். பேனாவால் எழுதிவிட்டுப் பழையதைக் குப்பையில் போட்டேன். அருங்காட்சியகப் பேரேட்டில் இந்தப் புட்டிகளை இன்னும் ஏற்றவில்லை, வேறெங்கும் எழுதி வைக்கவும் இல்லை.

அவர் திட்டவில்லை. "எது எந்த ஓடைன்னு இனிமே யாருக்குமே தெரியாது, ஆர்டிஸ் அம்மா" என்றார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 10, ஞாயிறு

ஆலயத்தில் என் சிநேகிதி ஹில்மா வழக்கம்போல என் மேல் அடிக்கும் சாராய வாடையை மோந்து பார்த்து, "இந்த வாரம் எத்தனை புட்டி காலி பண்ணினே?" என்றாள். எப்போதும் சிரிப்பேன். பக்கத்தில் லவோன், செத்துப்போன என் அண்ணன் மகள். அவள் வீடும் மேய்ச்சல் நிலமும் பிளம் ஓடைக் கரையில். அணை வந்தால் எல்லாம் தண்ணீருக்குள்.

"உங்க புட்டி இருக்கே அத்தை, எனக்கென்ன பயம்" என்றாள். பாட்டுப் புத்தகத்தை அவளிடம் நீட்டினேன்.

மார்ச் 12

லவோனிடம் சொன்னேன். "பேனாவாலயா, அத்தை?" என்றாள். அவ்வளவுதான். மாட்டுக்குத் தீனி போட எழுந்து போனாள். காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பி வரவில்லை.

மார்ச் 14

ஷ்ரோடர் புட்டியோடு எழுந்து நின்றார். அணைக்காரர் வாங்கிப் பார்த்து, "சீட்டுல ஒண்ணுமே இல்லையே சார். எங்க வீட்டுக் குட்டையில புடிச்சதாக்கூட இருக்கலாம்" என்றார். சபை சிரித்தது. லவோன் என் பக்கம் திரும்பவே இல்லை. ஐயோ, எதுக்குய்யா எனக்கு இந்தக் கை?

மார்ச் 15

ஜெபம் வரவில்லை.

மார்ச் 29, வெள்ளி

பிளம் ஓடைக் கரையில் அணைக்கு அளவுக்கல் நட்டாயிற்றாம். ஹில்மா சொல்லித்தான் தெரியும்.

இன்று இருபத்திரண்டு புதுச் சீட்டு எழுதினேன், பென்சிலால். "ஓடை: தெரியாது." முடித்துப் பென்சிலைக் கொண்டையில் செருகினேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அக்டோபரில் அன்று சாயங்காலம் ஜெபத்துக்கு மண்டியிட்டபோது கொண்டை அவிழ்ந்து, நான் தேடிய பென்சில் தரையில் விழுந்தது. காணாமல் போனதைத் திருப்பித் தந்தீரே என்று உமக்கு நன்றி சொன்னேன்.