கேட்காமல் விட்ட இரண்டாவது கேள்வி

நகல் எடுத்த தாள் இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வரும்போது லேசாகக் கருகினாற்போல ஒரு மணம் வருமே, அது இன்று காலை என் முகத்தில் அடித்தது. கலெக்டர் ஆபீஸ் எதிரே, உன் கடையில் நின்றிருந்தேன். உன் தம்பி ஊர் திரும்பிய இந்த மூன்று வாரமாக அந்தத் தெருப் பக்கமே தலை காட்டாமல், பேருந்து நிலையத்துக்குப் போவதென்றாலும் சுற்றிக்கொண்டு போனவள் நான். இன்று போனேன். இயந்திரத்தின் பக்கத்தில் உன் தம்பி அருள் நின்றிருந்தான். மெலிந்திருக்கிறான், இடது காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு. ஆனாலும் வந்துவிட்டான். பார்க்க நீ இல்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து நடக்கிறேன், மறுபடி வந்து உட்கார்கிறேன். அவனிடம் நான் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. உன்னிடமே நேராகச் சொல்லாமல் மழுப்பியது அது.

பாராளுமன்றத்தில் நான் கடைசி வரிசை என்பது உனக்குத் தெரியாததா? கேமரா என் பக்கம் திரும்பினால் அது யாரோ தவறிப்போய்த் திருப்பியதாகத்தான் இருக்கும். "இன்னிக்கு உன் முழங்கை மட்டும் தெரிஞ்சுதுடி, நல்லாத்தான் இருந்துச்சு" என்று போனில் சிரிப்பாய். வாலாஜாபாத் பக்கத்தில் ஊரார் நிலத்தில் கூலிக்கு நின்ற குடும்பம் என்னுடையது. கட்சி நிறுத்தியது, ஜெயித்தேன். அமைச்சர்களைக் கேள்வி கேட்பதைத் தவிர அங்கே எனக்கு வேறு வேலையும் இல்லை. அந்தக் கேள்விகளை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தவள் நீ. தட்டச்சு செய்தாய் என்று சொல்வதே தப்பு. பாதியை வெட்டிப் போடுவாய்.

ரயில்வே கேட்டில் மேம்பாலம் எப்போது, கைத்தறிச் சங்கங்களின் நிலைமை என்ன, வெளிநாட்டிலிருந்து வரும் கச்சாப் பட்டுக்கு வரி எவ்வளவு என்று என் கேள்விகள் ஊரையும் உலகத்தையும் சுற்றி வரும். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு நீண்ட முன்னுரை எழுதுவேன். "பாவு நூல மட்டும் தெரு முழுக்க நீட்டி வெச்சிக்கிற, குறுக்க ஓட்ற ஊடையே காணுமேடி" என்பாய். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் மகள் வேறு எப்படிப் பேசுவாள்! கல்லூரியில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து என்னை அடக்க முடிந்த ஒரே ஆள் நீதான். கட்சிக் கொறடாகூட உனக்கு அப்புறம்தான்.

பிறகு அருள் போனான். தாய்லாந்தில் கணினி வேலை என்று ஒரு ஏஜென்ட் சொன்னதை நம்பிப் போனவனை, ஆற்றைக் கடக்க வைத்துப் பக்கத்து நாட்டில் ஒரு கட்டடத்துக்குள் அடைத்தார்கள். நம் நாட்டு ஆட்களுக்கே போன் போட்டு ஏமாற்ற வேண்டும். மறுத்தால் அடி. யாரோ ஒளித்து வைத்திருந்த போனிலிருந்து அவன் செய்தி அனுப்பிய அன்று, நீ கடையைத் திறந்து போட்டுவிட்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாய். உன் காலில் செருப்பு இல்லை.

கேள்வி அனுப்பினோம். குலுக்கலில் அதற்கு நட்சத்திரக் குறி விழுந்தது. நட்சத்திரம் விழுந்தால்தான் அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்வார், நாமும் மேற்கொண்டு இரண்டு துணைக் கேள்வி கேட்கலாம். முதலாவது, உள்நாட்டில் இந்த ஏஜென்ட்டுகளை யார் கண்காணிக்கிறார்கள் என்பது. இரண்டாவது, அந்த ஆற்றங்கரைக் கட்டடத்தில் நம் பிள்ளைகள் இருப்பது தூதரகத்துக்குத் தெரியுமா, எந்தத் தேதிக்குள் மீட்பீர்கள் என்பது. அவையில் அமைச்சர் "செய்கிறேன்" என்றால் அது உறுதிமொழி. பதிவாகும். செய்து முடிக்கும்வரை ஒரு குழு அந்த அமைச்சகத்தைத் துளைத்துக்கொண்டே இருக்கும். இதையெல்லாம் உனக்கு விளக்கியதே நான்தான்.

"அப்போ மொத கேள்வி எப்டியோ போவட்டும். ரெண்டாவதுக்கு அந்த ஆள் வாயில அந்த வார்த்தைய வர வெச்சிடு. எனக்கு அது போதும்மா" என்றாய்.

அன்று நடந்ததை நீ தொலைக்காட்சியில் பார்த்தாய். நான் உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். தமிழில் முதல் கேள்வியைக் கேட்டேன். அமைச்சர் காதிலிருந்த மொழிபெயர்ப்புக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்து, "வணக்கம்" என்றார். மேசைகளைத் தட்டினார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வரும் உறுப்பினர் பட்டுப்போல நயமாகக் கேட்கிறார் என்றார். மறுபடி தட்டினார்கள். நான்கு வருடமாக என் பெயரைச் சரியாக உச்சரிக்காத சபை அது. முன் வரிசைக்காரர்கள் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். முக்கியமான விஷயம், உறுப்பினர் என் அறைக்கு வரட்டும், விரிவாகப் பேசலாம் என்று அமைச்சர் முடித்தார்.

நான் "நன்றி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

அவைத்தலைவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது கேள்வி உண்டா என்று தலையை அசைத்துக்கூடக் கேட்டார். நான் கும்பிட்டேன். அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார். யாரும் என்னைத் தடுக்கவில்லை, கட்சியிலிருந்து சீட்டு எதுவும் வரவில்லை. எனக்குக் கூசியது, இனித்தது, அவ்வளவுதான். கை தட்டினால் மயங்கிவிடுகிற ஜென்மம் என்று என்னை நானே எத்தனை முறை திட்டியிருப்பேன் தெரியுமா?

உன் போனைச் சாயங்காலம் வரை நான் எடுக்கவில்லை. எடுத்ததும் நீ கத்தவில்லை. "ரெண்டாவது எங்கடி?" என்று மட்டும் கேட்டாய்.

"ரூமுக்கு வரச் சொல்லிக்கிறார்ல. நேர்லயே பேசிடறேன்."

"ரூமுல சொல்றத யார்டி எழுதிக்கப் போறாங்க?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அறையில் தேநீரும் முந்திரியும் கொடுத்தார்கள். செயலாளர் ஒருவர் ஏதோ குறித்துக்கொண்டார். அதன் பிறகு நான் எழுதிய நான்கு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அந்த நான்கையும் நீதான் தட்டச்சு செய்தாய், ஒரு வார்த்தை பேசாமல். நீ திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அடுத்த ஆடி மாதம், கடையிலேயே, தாள் கட்டைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஐம்பதுகூட ஆகவில்லை உனக்கு. நான் டெல்லியிலிருந்து வந்து சேர்ந்தபோது உன்னை எடுக்கக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

போன மாதம் அந்த நாட்டில் ஏதோ சோதனை நடந்து, ஒரு கட்டடத்தைத் திறந்துவிட்டார்களாம். அருள் தப்பித்து வந்தான். அதில் என் பங்கு ஒன்றுமே இல்லை.

நேற்று எனக்கு மறுபடி நட்சத்திரம் விழுந்திருக்கிறது. அதே விஷயம், அதே அமைச்சர். வியாழக்கிழமை மூன்றாவது எண். அந்தப் பட்டியலை நகல் எடுக்கத்தான் போனேன் என்று எனக்கே பொய் சொல்லிக்கொண்டு உன் கடைக்குப் போனேன். அருள் பட்டியலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

"மறுபடியும் ஸ்டார் வுழுந்துக்குதாக்கா? போன தடவ நீங்க பேசின வீடியோவ அக்கா அனுப்புச்சு. அங்க பாத்ரூம்ல ஒளிஞ்சிக்கினு பார்த்தோம். அமைச்சர் வணக்கம்னு சொல்றதோட கட் ஆயிடுச்சு. அதுக்கப்புறம்தான் ரெண்டாவது கேள்வி நல்லா கேட்டாங்க, அவரும் செய்றேன்னு சொல்லிட்டாரு, எழுதிட்டாங்கன்னு அக்கா மெசேஜ் போட்டுச்சு. அத நம்பித்தான் நாங்க பதினோரு பேரும் தெம்பா இருந்தோம்."

அடியே, என்ன காரியம் செய்திருக்கிறாய். அங்கே அவைத்தலைவர் தலையசைத்தும் நான் கேட்காததை, நீ இந்தக் கடை மேசையில் உட்கார்ந்து கேட்டு, பதிலும் வாங்கிக் கொடுத்திருக்கிறாய். அவனுக்குத் தெம்பு கொடுக்கச் சொன்னாயா, என் மானத்தைக் காப்பாற்றச் சொன்னாயா? கேட்க உன்னைத் தேடி எங்கே போவேன்?

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். வாய் வரை அது வந்தது. "இல்லப்பா" என்றேன். "வீடியோ தானா கட் ஆயிருக்காது. நான் கேக்கவே இல்ல. அவர் புகழ்ந்ததும் உக்காந்துட்டேன்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தினான்.

"அக்காக்குத் தெரியுமா?"

"பார்த்துக்கினுதான் இருந்தா."

வாடிக்கையாளர் ஒருவர் ஆதார் அட்டையை நீட்டினார். அருள் மறுபடி இயந்திரத்தைப் போட்டு, அவருக்கு நகல் எடுத்துக் கொடுத்து அனுப்பினான். பிறகு என் பட்டியலைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தான். ஏழு பெயர்கள். ஒருவன் பக்கத்துக் கூரம் ஊர்ப் பையன். "இவங்க இன்னும் அங்கதான் இருக்காங்க. கட்டடம் மாத்திட்டாங்க. பேர சபையில சொல்லிடாதீங்க, அடி வுழும். எடத்த மட்டும் சொல்லுங்க" என்று புதிய இடத்தை வரைந்து காட்டினான். பரவாயில்லை என்றோ மன்னித்தேன் என்றோ அவன் சொல்லவில்லை. தாளை நான்காக மடித்து என் கையில் வைத்தான்.

அந்தத் தாள் இப்போது என் இடுப்பில் செருகியிருக்கிறது. முன்னுரை எழுதவில்லை. இடம், எண்ணிக்கை, எந்தத் தேதிக்குள் என்று மட்டும் வைத்திருக்கிறேன். கூடத்தில் நடந்துகொண்டே, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். நிறுத்தி நிதானமாகச் சொன்னால் இருபது விநாடி ஆகிறது.

அன்றைக்கும் எனக்கு அந்த இருபது விநாடி இருந்தது.