இரண்டு விசில்

திருக்கோகர்ணம்
மார்கழி 12

அன்பு மகள் மணிமேகலைக்கு அப்பா எழுதுவது. இங்கே வீட்டில் அனைவரும் சுகம், என் மரியாதை மட்டும் கொஞ்சம் சுகமில்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்த டென்மார்க் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க பிரகதாம்பாள் துணை. போனில் சொல்லலாமென்றால் உன் அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறான், தெருவே கேட்கிறது. இது ரகசியம், அதனால்தான் காகிதம்.

அண்ணன் பிள்ளைகள் இரண்டையும் ஜூனிலிருந்து ஸ்கூலுக்கு அனுப்பாமல் உன் அண்ணி ரஞ்சிதா வீட்டிலேயே பாடம் சொல்லித்தருவது உனக்குத் தெரியும். பெரியவன் செம்மலைப் பற்றிக் கவலையில்லை, அவன் எங்கே போட்டாலும் முளைப்பான். சின்னவள் அன்புமொளிக்காகத்தான் இவ்வளவும். படிக்க வரவில்லை என்று வகுப்பில் நிற்க வைத்து நிற்க வைத்து, காலையில் யூனிஃபார்மைப் பார்த்தாலே பிள்ளைக்கு வயிற்றுவலி. உன் அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டான், பொங்கலுக்குள் எழுத்துக்கூட்டியாவது ஒரு பக்கம் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஜூனில் பழையபடி ஸ்கூல்தான் என்று. அன்றிலிருந்து ரஞ்சிதா சரியாகச் சாப்பிடுவதில்லை.

இதில் நான் எங்கே வந்தேன் என்றால், ஸ்கூல் என்றால் பெல் வேண்டாமா என்று செம்மல் கேட்டான். முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் ஊதிய விசில் சும்மாதானே கிடக்கிறது என்று நானாக வாயைக் கொடுத்தேன். முதல் நாள் வகுப்பு ஆரம்பம் என்றதும் பழக்கதோஷத்தில் இரண்டு விசில் கொடுத்துவிட்டேன். இரண்டு விசில் என்றால் ரைட், போகலாம் என்று பிள்ளைகளுக்கு நான்தானே சொல்லிவைத்திருக்கிறேன், இரண்டும் எடுத்த ஓட்டத்தில் கோயில் வாசலில்தான் நின்றன. சாயங்காலம் வகுப்பு முடிந்ததற்கு ஒரு விசில் கொடுத்தேன். ஒரு விசில் என்றால் நிறுத்து. ஆறு மணி வரை அசையாமல் உட்கார்ந்திருந்தன. ரிட்டயரானது ஒடம்புதான், வாய் இன்னும் டூட்டியிலதான் இருக்கு என்றாள் உன் அம்மா. பிறகு ரஞ்சிதாவே, ஒண்ணுன்னா உக்காரணும், ரெண்டுன்னா எந்திரிக்கலாம் என்று சட்டம் போட்டாள்.

இனிமேல்தான் ரகசியம். சின்னவள் புத்தகத்தைத் திறந்ததும் கண்ணில் தண்ணீர் முட்டும். என்னால் பார்க்க முடிவதில்லை. பதினோரு மணிக்கே இரண்டு விசில் கொடுத்துவிடுகிறேன். கேட்டால் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்கிறேன். ரஞ்சிதாவும் என்னை நம்பி இரண்டு தடவை பேட்டரி மாற்றிவிட்டாள், பாவம். பொங்கலுக்குப் பிள்ளை படிக்காமல் போனால் அந்தப் பாவம் என்னைத்தான் சேரும். நீதான் ஒரு வழி சொல்ல வேண்டும். ரஞ்சிதாவிடம் மூச்சு விடாதே.

இதுவரை எழுதிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன் மணி. திரும்பி வந்தால் சின்னவள் தரையில் இந்தக் காகிதத்தை விரித்து, விரலை வைத்து, ரஞ்... சி... தா... வி... டம்... மூச்... சு... என்று கத்திக் கத்திப் படித்துக்கொண்டிருக்கிறாள். அம்மா பெயரைப் பார்த்ததும் என்னமோ ஏதோ என்று ஆரம்பித்திருக்கிறாள். ரகசியம் என்னவென்று தெரியாமல் விடுவாளா, மேலிருந்து ஒரு பக்கம் முழுவதையும் வியர்க்க விறுவிறுக்க முடித்துவிட்டாள். அழவே இல்லை. ரஞ்சிதா தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள், இன்றைக்குத் தொலைந்தோம் என்றிருந்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள், பிறகு சிரித்தாள். மாமா, இதைப் பத்திரமா வைங்க, அவுக வந்ததும் இன்னொருக்கா படிக்கச் சொல்லணும் என்றாள். அண்ணன் வந்தான், அவள் படிக்கக் கேட்டான், ஸ்பீக்கர் விஷயத்தையும் சேர்த்துத்தான். சரி, ஜூன் பேச்சை இனிமே எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனான், வெகுநேரம் கழுவினான்.

விசிலை ரஞ்சிதா பிடுங்கிக்கொண்டாள். ஆனால் தண்டனை வேறொருத்தியிடமிருந்து வந்தது. சின்னவள் தன் பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டு, எம் பேருக்குச் சிறப்பு ழ வரும் அய்யா, தப்பா எழுதிட்டீங்க, எந்திரிச்சு நில்லுங்க என்றுவிட்டாள். இனி திருத்தமாக எழுதுகிறேன், அன்புமொழி.

அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். கடிதம் கிடைத்ததும் போன் போடு, ஸ்பீக்கரிலேயே பேசலாம், மறைக்க இனி ஒன்றுமில்லை. கால் வலிக்கிறது, உட்கார ரஞ்சிதா அந்த ஒரு விசிலை இன்னும் கொடுக்கவில்லை.

நின்றபடியே வாழ்த்தும் அப்பா,
செல்லமுத்து