ஹரிபதாவின் கையும் பம்புக் கம்பெனி வேலையும்

பவானிபூர், கல்கத்தா
6 ஆகஸ்டு 1913

சிரஞ்சீவி சீதாராமனுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இவ்விடம் நானும் உன் அம்மாவும் க்ஷேமம், திருச்சியில் நீயும் காமுவும் சௌக்கியமென்று உன் கடிதத்தால் அறிந்தோம். மழை விடவில்லை, துணி உலரவில்லை என்று அம்மா எழுதச் சொன்னாள். வாத்தியார் வேலையை விட்டு என் கம்பெனியிலேயே குமாஸ்தாவாகச் சேரலாமா என்று கேட்டு விண்ணப்பமும் அனுப்பியிருக்கிறாய். உள்ளதை எழுதுகிறேன். சம்பளம் தேதி தவறாது, காய்ச்சலென்றால் கம்பெனி டாக்டர் பார்ப்பார். சர்க்கார் கச்சேரியில் நாள் முழுவதும் எழுதினால் காகிதம்தான் மிஞ்சும், இங்கே கட்டி இரும்பாகக் கிடந்தது தண்ணீர் இறைக்கும் பம்பாக எழுந்து நிற்கும், பதினாறு வருஷமாகியும் அதைப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை. கெடுதலென்றால், கம்பெனி ஆற்றுக்கு அக்கரையில், கப்பல் போவதற்காக ஹௌரா மிதவைப் பாலத்தை நடுவில் திறந்துவிட்டால் படகு பிடிக்க வேண்டும், சங்கு ஊதிய பின் போனால் காவல்காரன் கேட்டைத் திறக்கமாட்டான். சம்மட்டிச் சத்தத்தில் என் இடது காது மந்தமாகிவிட்டது, உன் அம்மா எதையும் இரண்டு தரம் சொல்கிறாள்.

போன மாதம் நடந்ததையும் தெரிந்துகொள். கடைசல் பட்டறையில் ஹரிபதா என்ற மிஸ்திரியின் வலது கை இயந்திரத்தின் தோல் பட்டையில் சிக்கி மூன்று விரல்கள் போயின. பட்டைக்குத் தடுப்பு வேண்டுமென்று அவன் முன்பே இரண்டு முறை கேட்டு, அதை நானே எழுதி மானேஜர் துரைக்கு அனுப்பியிருந்தேன். துரை என்னைக் கூப்பிட்டு, ஆளின் அஜாக்கிரதை என்று ரிப்போர்ட் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "பாபு, என் மேல் தப்பில்லையென்று உங்களுக்குத் தெரியுமே, அப்படித்தானே எழுதினீர்கள்?" என்று கேட்டான். நேரே ஆபீசுக்கு வந்து வேறு ரிப்போர்ட் எழுதி, பழைய கடிதங்களின் நகலையும் சேர்த்துத் துரையின் மேஜையில் வைத்தேன். அவர் கோபிக்கவில்லை, படித்துவிட்டு, நாளை முதல் நீ கிடங்கில் இரு என்றார். பட்டைகளுக்கெல்லாம் கம்பி வலை போட்டாயிற்று, ஹரிபதாவுக்குக் கேட்டில் காவல் வேலை கொடுத்தார்கள். என் நாற்காலியில் இப்போது எனக்குக் கீழே வேலை பார்த்த சந்தானம் உட்கார்ந்திருக்கிறான். கிடங்கில் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த முதல் ரிப்போர்ட்டை எழுத எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, பேனா எங்கும் நிற்கவில்லை, இந்த உத்தியோகத்தில் நான் கண்ட பெரிய கெடுதல் அதுதான்.

உன் விண்ணப்பத்தைத் துரையிடம் கொடுக்கவில்லை, இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதைப் படித்த பிறகும் விருப்பமிருந்தால் நீயே தபாலில் போடு, தடுக்கமாட்டேன். காமுவின் சீமந்தம் எந்தத் தேதி என்று உடனே எழுது, அம்மா புறப்பட வேண்டும். நீங்கள் இருவரும் தீர்க்காயுசாக இருக்க ஈசுவரன் அருள் செய்வானாக.

இப்படிக்கு உன் தகப்பனார்,
வைத்தீஸ்வரன்