இருநூற்றுப் பதினான்கு கையெழுத்துகள்

மார்ச் 11

சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் இன்றும் முப்பது மாதிரிகள். மதியம் மேலாளர் தோன்செவ் வந்தார். சனிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் நான் வாசலில் நிற்க வேண்டுமாம். சூளையில் நிலக்கரிக்குப் பதிலாகத் தரம் பிரித்த குப்பையை எரிக்கப் போகிறார்கள். எரிபொருளால் வரும் கரியமில வாயு மூன்றில் ஒரு பங்கு குறையும். நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான்.

மார்ச் 15

பள்ளிக்கூட அரங்கு. சுட்ட கெபாப்சே கறி, பீர், நல்ல கூட்டம். வந்தவர்களிடம் பெயரும் கையெழுத்தும் வாங்கினேன். பக்கத்து வீட்டு எல்கா அக்கா மூச்சு வாங்க நின்று, "இது எதுக்கு?" என்றார். "எத்தனை பேருக்குச் சாப்பாடுன்னு தெரியணும்லக்கா" என்றேன். எனக்குச் சொல்லியிருந்ததும் அதுதான்.

ஏப்ரல் 2

அனுமதி விண்ணப்பத்தை நகராட்சிப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். கடைசி இணைப்பு: 'திட்டத்தை ஆதரிக்கும் ஊர்மக்கள், 214 பேர்.' நான் வாங்கிய அதே தாள்கள். தலைப்பு மட்டும் புதிது.

அயோக்கியப் பசங்க! சாப்பிட வந்தவங்களைச் சாட்சியாக்கிட்டாங்க.

ரொட்டிக் கடையில் எல்லார் முன்னாலும் எல்கா அக்கா கேட்டார்: "ஒரு தட்டு கறிக்கு என் மூச்சை வித்துட்டியா ஸ்நெஜானா?"

ரொட்டி வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 3

தோன்செவ் சிரிக்கிறார். "கரி குறையுதுல்ல? பூமிக்கு நல்லது. அப்புறம் என்ன?"

"குறையுது சார். அதைச் சொல்லி அவங்களையே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வேணாம்பாங்க."

தெரிந்தேதான் கேட்கவில்லை! நல்ல காரியமாம். நல்ல காரியத்துக்கு எதுக்குய்யா திருட்டுத்தனம்? குப்பை எரிந்தால் புகையில் வேறென்ன வரும் என்று கேட்டேன் — கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 4

என் மேல் தப்பில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தாளை நீட்டியது யார்?

ஏப்ரல் 9

மாவட்டச் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவை சாப்பாட்டுக்கு வாங்கிய கையெழுத்துகள், வாங்கியவள் நான். அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "வேலை போயிடும், தெரியும்ல?"

"தெரியும்."

ஏப்ரல் 10

போய்விட்டது.

ஜூன் 21

அந்தப் பட்டியலை மாவட்ட அலுவலகம் தள்ளுபடி செய்துவிட்டதால் இன்று மறுபடியும் கூட்டம். சாப்பாடு கிடையாது. ஆனாலும் அரங்கில் நிற்க இடமில்லை. நான் சுவரோரமாக நின்றேன். தோன்செவைக் காணோம், தலைநகர் சோஃபியாவில் இருக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். இரண்டு மணி நேரம் விடாமல் கேள்வி கேட்டார்கள்.

கடைசியில் எல்கா அக்கா எழுந்தார். "கரியைக் குறைங்க, வேணாங்கல. ஆனா அந்தப் புகையில என்ன வருதுன்னு தினமும் எங்களுக்குத் தெரியணும். அளக்குறது உங்க ஆளா இருக்கக் கூடாது. எங்க ஆளு அளக்கணும்."

"சரிம்மா. யாரு உங்க ஆளு?" என்றாள் சோஃபியாவிலிருந்து வந்தவள்.

அக்கா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.