மேற்கே பெட்ரோல் பங்க்

மார்ச் 4, செவ்வாய்

இன்று அணையில் எட்டு பாட்டில் தண்ணீர் மாதிரி எடுத்தேன். விரல் விறைத்துப்போய், ஏழாவது பாட்டிலின் லேபிளைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். ஆய்வகத்தில் யாரும் கவனிக்கவில்லை. நான்தான் நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பெவர்லி வீட்டுப் பின்தோட்டத்தில் எங்கள் வட்டம் கூடியது. நிலாவையும் பருவங்களையும் பழைய தெய்வங்களையும் கும்பிடுகிற ஏழு பேர். முடிந்ததும் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே பெவர்லி சாதாரணமாகச் சொன்னார்: "ஜூன்ல உனக்குத் தீட்சை குடுத்திரலாம்னு இருக்கேன், கர்ஸ்டி. மேற்கு உனக்கு."

மேற்கில் நிற்பவர்தான் தண்ணீரை அழைக்க வேண்டும். தலையை ஆட்டினேன். பெவர்லி பகலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். "தலையாட்டினா எப்படி, இண்டிகேட்டர் போடு" என்றார்.

"சரி" என்றேன்.

வீட்டில் சொன்னேன். "எங்க குடும்பத்துலயே முதல் பட்டதாரி. தண்ணிய பாட்டில்ல பிடிக்கிற, இப்ப சூனியக்காரியும் ஆகப்போற" என்றாள் அம்மா. அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதுக்கு லீவு உண்டா?" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

பெவர்லியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். தீட்சைக்கு முன் முழுவதையும் சொந்தக் கையால் எழுதி முடிக்க வேண்டும். போட்டோ எடுக்கக் கூடாது, டைப் அடிக்கக் கூடாது. அவர் தனக்குத் தீட்சை கொடுத்தவரின் நோட்டைப் பார்த்து எழுதினார். அந்த அம்மா இன்னொருவருடையதைப் பார்த்து. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பக்கம். நான் முப்பத்தொன்றில் இருக்கிறேன். கட்டைவிரல் வலிக்கிறது.

ஆனால் பிடித்திருக்கிறது. ஏன் என்று இன்று யோசித்தேன். கல்லூரியில் மூன்று வருடமும் நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. மற்றவர்களெல்லாம் எங்கே பேசக் கற்றுக்கொண்டு வந்தார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இங்கே அந்தத் தவிப்பு இல்லை. நிலாவிடம் பேசுவதற்குக்கூட வாக்கியம் தயாராக இருக்கிறது. எனக்காக யாரோ முன்கூட்டியே வெட்கப்பட்டு எழுதிவைத்த மாதிரி.

மார்ச் 20, வியாழன்

பகலும் இரவும் சமமான நாள். முதல் தடவையாக நான் தண்ணீரை அழைத்தேன். மேற்கே திரும்பி, கைகளைத் தூக்கி, "ஆழத்தில் இருப்பவர்களே, வாருங்கள்" என்றேன். குரல் நடுங்கினாலும் வந்துவிட்டது.

பெவர்லி வீட்டு வேலிக்கு மேற்கே பெட்ரோல் பங்க். ஒருவர் டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.

அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கிழக்கே, மேட்டில், மூன்று மைலில், காலையில் நான் கை நனைத்துவிட்டு வந்த அணை. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவில் போகிறவரை வாங்க வாங்க என்றது போல ஆகிவிட்டது.

நெவிலிடம் மெதுவாகக் கேட்டேன். சைக்கிள் கடை வைத்திருப்பவர், எங்கள் வட்டத்தில் கிழக்கு அவருடையது. காற்றை அழைப்பார். "கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு தண்ணி, வடக்கு மண்ணு. நாடு முழுக்க அப்படித்தாம்மா" என்றார். "நீ பிஸ்கட் எடுத்துக்கோ."

ஏப்ரல் 2, புதன்

பக்கம் 97. மேற்கு, மேற்கு, மேற்கு. ஒவ்வொரு முறை எழுதும்போதும் பெட்ரோல் வாசனை வருகிறது.

மே 1, வியாழன்

மானம் போயிற்று.

கோடையை வரவேற்கிற நாள். என் முறை வந்தது. எல்லோரும் மேற்கே திரும்பினார்கள். நான் கிழக்கே திரும்பிவிட்டேன். வேண்டுமென்று இல்லை. கால் தானாகத் திரும்பியது. வட்டத்தின் எதிர்முனையில் நெவில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தபடியே, இதுவரை வராத கணீர்க் குரலில், ஆழத்தில் இருப்பவர்களை எல்லாம் கூப்பிட்டு முடித்தேன்.

நெவில் கிசுகிசுத்தார்: "எனக்கு நீந்தத் தெரியாதும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். பெவர்லியும்தான், ஆனால் பாதி வாய்தான் சிரித்தது. நான் கேக் சாப்பிடாமல் வந்துவிட்டேன். அது பிடிவாதமா, வெட்கமா? கேக் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

மே 3, சனி

பெவர்லி கூப்பிட்டார். L போர்டு காரில் உட்கார்ந்து பேசினோம். சொல்லிவிட்டேன். நானேதான் சொன்னேன், முழு வாக்கியமாக. தண்ணீர் கிழக்கே இருக்கிறது, அங்கே பார்த்துத்தான் அழைக்கத் தோன்றுகிறது என்று.

"மேற்குன்னா அட்லாண்டிக் கடல், கண்ணு. நடுவுல ஒரு பெட்ரோல் பங்க் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

"நான் அந்தக் கடலைப் பார்த்ததே இல்லியே."

"ரோட்டுல எல்லாரும் இடது பக்கம் போறோம். உன் மனசுக்கு வலதுதான் பட்டுதுன்னா அப்படியே போயிருவியா?"

அவர் ஸ்டியரிங்கைத் தடவினார். பிறகு கேலி இல்லாமல் சொன்னார்: "எனக்கு இதைக் குடுத்தவங்க ஒரு எழுத்து மாத்தாதேன்னுதான் குடுத்தாங்க. நான் மாத்தல. நீயா ஒரு வழி போகணும்னா போ, தப்பில்ல. ஆனா அதுக்கு என் நோட்டு வேண்டாம், என் தீட்சை வேண்டாம். ரெண்டுல ஒண்ணு. ஜூனுக்குள்ள சொல்லு."

இந்த ஊரில் என்னை யாராவது எதிர்பார்த்துக் காத்திருக்கிற இடம் அந்தத் தோட்டம் ஒன்றுதான். அதுவும் போனால் நான் எங்கே போவேன்?

மே 17, சனி

லீட்ஸில் இமோஜன் வீட்டுக்குப் போனேன். கல்லூரித் தோழி. இப்போது அவளும் நிலாவைக் கும்பிடுகிறாள், தன் வழியில். "நோட்டு, குரு, தீட்சை, இதெல்லாம் எதுக்குடி? உனக்கு எது படுதோ அதைச் செய்" என்று ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது பேர். ஆளுக்கொரு திசையைப் பார்த்து ஆளுக்கொன்றை அழைத்தார்கள். ஒரு பெண் ஃப்ரிட்ஜைப் பார்த்து வடக்கு என்றாள், குளிர்ச்சியாக இருக்கிறதாம். பிறகு இமோஜன் என் கையைப் பிடித்து, "இப்ப கர்ஸ்டி. மனசுல இருந்து பேசு" என்றாள்.

மனசிலிருந்து. ஒன்பது பேர் பார்க்க. என் மனசில் அந்த நேரம் கழிப்பறை எங்கே என்ற கேள்வி ஒன்றுதான் இருந்தது. அதையே கேட்டேன்.

ரயிலில் வரும்போது பெவர்லியின் நோட்டு மேல் அவ்வளவு ஆசை வந்தது.

ஜூன் 8, ஞாயிறு

பக்கம் 214. கடைசிப் பக்கத்தில் தீட்சை உறுதிமொழி: "எனக்குத் தரப்பட்டதைத் தரப்பட்டபடியே காப்பேன், எதையும் மாற்றமாட்டேன்."

எழுதினேன். கீழே கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருக்கிறது.

ஜூன் 14, சனி

போய்ச் சொன்னேன். பொய்யாகச் சத்தியம் செய்ய முடியவில்லை என்றேன். அவருடைய நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். நான் எழுதியதையும் நீட்டினேன். பெவர்லி அதைப் புரட்டிப் பார்த்தார்.

"என்னோடதை விடக் கையெழுத்து நல்லா இருக்கு" என்றார். இரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பஸ் ஏறாமல் நடந்தே வந்தேன். அம்மா ஒன்றும் கேட்காமல் சிப்ஸ் வறுத்துக் கொடுத்தாள். பாதி சாப்பிட்டதும், "வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா, அந்தச் சூனியத்துல?" என்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து சிப்ஸ் தொண்டையில் மாட்டிக்கொண்டது. அம்மா முதுகில் தட்டினாள், தேவைக்கு மேலேயே.

ஜூன் 21, சனி

ஆண்டிலேயே நீண்ட பகல். தோட்டத்தில் இந்நேரம் எல்லோரும் இருப்பார்கள். நான் தனியாக அணைக்கரையில். என் சொந்த வழி. வந்தாயிற்று.

கிழக்கே திரும்பினேன். எதிரே முழுத் தண்ணீர். பேச ஒன்றுமில்லை. பத்து நிமிடம் நின்றேன். அமிலத்தன்மை ஆறு புள்ளி எட்டு என்பது மட்டும் ஞாபகம் வந்தது. ஒரு ஆடு என்னைப் பார்த்துச் சலித்துப்போய் நகர்ந்தது.

அப்புறம் வாய் தானாகத் திறந்தது. "ஆழத்தில் இருப்பவர்களே, வாருங்கள்." பெவர்லியின் நோட்டு, பக்கம் 12. ஒரு எழுத்து மாறவில்லை. திசைதான் மாறியிருந்தது.

என் சொந்த வழியில் என் சொந்தமாக ஒரு கால் திருப்பம் மட்டும்தானா? இருக்கட்டும். காற்று மேற்கிலிருந்து பிடரியில் அடித்தது. அதையும் அந்தப் பக்கம் திரும்பி அழைத்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அறுவடை தொடங்கும் நாள். அணைக்கரைக்கு நெவில் வந்தார். சைக்கிளைச் சோதித்துப் பார்க்க மேட்டுப்பக்கம் வந்தாராம், தற்செயலாக. தற்செயலாக ஃப்ளாஸ்க்கும் இரண்டு கோப்பையும் வைத்திருந்தார். "பெவர்லிக்குத் தெரியும்" என்றார், நான் கேட்காமலே. மேற்கில் நின்று காற்றை அழைத்தார், தொப்பி பறந்துபோய்விட்டது. "இங்க உடனே பதில் வருது" என்றார்.

செப்டம்பர் 22, திங்கள்

மறுபடி பகலும் இரவும் சமமான நாள். அணைக்கரையில் மூன்று பேர்: நான், நெவில், இமோஜன். இமோஜனுக்கு அவள் வீட்டுக் கூட்டத்தில் யாரும் எதையும் ஒழுங்காக முடிப்பதில்லை என்று அலுத்துவிட்டதாம். இரண்டு பேரும் தடுமாறாமல் இருக்க வேண்டுமே என்று வரிசையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கிழக்கே தண்ணீர், மேற்கே காற்று. சும்மா ஒரு குறிப்புதான்.

அக்டோபர் 31, வெள்ளி

குளிர்காலம் தொடங்குகிற நாள். நாலரைக்கே பொழுது சாய்ந்துவிட்டது. இமோஜன் முன்னதாகவே வந்து விளக்குகளை வைத்தாள். நெவில் பெவர்லியின் L போர்டு காரில் வந்து இறங்கினார். பெவர்லியும் இறங்கினார். "இவர் சைக்கிள் பஞ்சர். கொண்டுவந்து விட வந்தேன், அவ்வளவுதான்" என்றார். சைக்கிள் கடைக்காரருக்குப் பஞ்சர். பெவர்லி அணைச் சுவரோரமாக, கோட்டுப் பையில் கை விட்டுக்கொண்டு நின்றார்.

தொடங்கும் நேரத்தில் இமோஜன், "கர்ஸ்டி, இன்னிக்கு நெருப்பை வடக்குல வெச்சுக்கலாமா? எனக்கென்னவோ மனசுக்கு அப்படிப் படுது" என்றாள்.

"வேண்டாம்" என்றேன். "தாள்ல இருக்கற மாதிரியே செய்."

என் குரல்தான். தண்ணீருக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும்.

பெவர்லி சட்டென்று ஷூ லேஸைக் கட்டுவதற்குக் குனிந்தார். வெகு நேரம் நிமிரவில்லை, தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அவர் போட்டிருந்தது முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ்.